அளவும் அமானிதமும்

கசகசா என்பது நம் அடுப்பங்கரையில் அன்றாடம் புழங்கும் சொல். குருமாவுக்குக் கசகசா அரைத்திராத கை நம் வீடுகளில் இராது. அச்சொல் அரபு மொழியின் 'கஷ்காஷ்' என்பதிலிருந்து வந்தது என்றும், அபின் என்று நாம் சொல்வது அரபிகளின் 'அஃப்யூன்' என்றும், அதனை அரபிகள் கிரேக்கரிடமிருந்து பெற்றனர் என்றும் பாடத்தினிடையே சொல்லும்போது நம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டும் ஒரே செடி தருபவை. முற்றி உலர்ந்த காயின் விதை கசகசா. பசுங்காயைக் கீறினால் கசிந்து இறுகும் பால் அபின். முன்னதைக் கறியில் இடுகிறோம். பின்னதன் பெயரைக் கேட்டாலே அஞ்சுகிறோம்.

அந்தப் பாலிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர் பிரித்தெடுத்ததே மார்பின். கோடீனும் அதே பாலில் உள்ளது. டிராமடால், ஃபென்டனில் போன்றவை ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டவை. எனினும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும், எலும்பு முறிவின்போதும், புற்றுநோயின் கடுவலியிலும் மருத்துவர்கள் இவற்றை எழுதித் தருகின்றனர். ஆதலின் இம்மருந்துக்கு எங்கே அஞ்ச வேண்டும், எங்கே அஞ்சக் கூடாது என்பதை, நம் வீட்டில் கண்டதைக் கொண்டு வாசகப் பெருமக்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

முதலில் ஒரு பழைய செய்தி. மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன்' என்னும் பெருநூலில், மரத்துப்போகச் செய்யும் மருந்துகளுள் வலிமை மிக்கதாக அபினை வைத்துப் பேசுகிறார். அப்பெருமகனார் தம் இறுதிக் காலத்தில் கடும் வயிற்று நோயால் வருந்தியபோது, பணியாள் ஒருவன் அவர் உட்கொள்ளும் மருந்தில் அபினை மிகுதியாகக் கலந்துவிட்டான். அவருடைய பொருளைக் கையாடியவர்கள் அகப்பட்டுக்கொள்ளும் அச்சத்தால் அவ்வாறு செய்தனர் என்று அவர்தம் மாணவர் ஜூஸ்ஜானி எழுதி வைத்திருக்கிறார். அபினின் குணங்களை உலகுக்கு எழுதிக் கொடுத்தவருக்கே, தாம் நோயாளியான நாளில் மருந்தை அளந்து தர நம்பத்தகுந்த ஒரு கை வாய்க்கவில்லை. மருந்து எது என்பதோடு, அது யார் கையில் இருக்கிறது என்பதும் நோயாளியின் உயிரை முடிவு செய்கிறது.

2018ஆம் ஆண்டில் அந்தக் கையாக இருக்கும் பொறுப்பு நம்மீது வந்தது. நம் லாத்தாவுக்கு மார்பில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருந்தது. படுத்தால் வலி, புரண்டால் வலி. சுவரோடு தலையணையைச் சாய்த்து, விடியும் வரை உட்கார்ந்தே இருப்பார்கள். நோய் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் பொறுமையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் அவர்கள் போனபின் லாத்தா நம்மை அழைத்து, "தம்பி, பொறுமையை நான் விட்டுவிடவில்லை; தூக்கத்தைத்தான் விட்டுவிட்டேன். இதற்கு மருந்து உண்டா இல்லையா, அதை மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார்கள்.

மருந்து இருந்தது. வலிதணிப்புப் பிரிவின் மருத்துவர் அம்மையார் மார்பின் மாத்திரை எழுதினார். மச்சான் அதனை வாங்க மறுத்தார். அவருக்கு இரண்டு அச்சங்கள். ஒன்று, அது மார்க்கம் விலக்கிய போதைப் பொருள் ஆயிற்றே என்பது. மற்றொன்று, அறுபது வயதுக்கு மேல் லாத்தா அதற்கு அடிமையாகிவிடுவார்களோ என்பது. நம்மை ஓதிக்கொடுப்பவன் என்று கருதி நம்மிடமே தீர்ப்புக் கேட்டார்.

முதல் அச்சத்துக்கு நாம் சொன்னது இது: "மச்சான், நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. மனம் களிக்க அறிவை மயக்குவது வேறு. தாங்க முடியாத வலியை அடக்க நம்பகமான மருத்துவர் அளந்து தருவது வேறு. நிர்ப்பந்தம் வந்தால் விலக்கு தளரும் என்பது சட்ட அறிஞர்களின் விதி. அந்தத் தளர்வு நிர்ப்பந்தத்தின் அளவோடு நின்றுவிடும் என்பது அதன் மறுபாதி." மச்சானுக்கு முதல் பாதி ஆறுதலாயிற்று. நமக்கோ மறுபாதியே பெரிதாகப் பட்டது. பின்வந்த மாதங்களில் மருத்துவர் சொன்ன ஒவ்வொரு கட்டுப்பாடும் அந்த மறுபாதிக்கு எழுதிய உரையாகவே தோன்றியது.

இரண்டாவது அச்சத்தை மருத்துவர் அம்மையாரே தீர்த்துவைத்தார். சில வாரங்கள் இம்மருந்தை உட்கொண்ட உடல் அதற்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை முதலியன தோன்றும். இது உடலின் இயல்பு. அடிமைத்தனம் என்பது வேறு. வலிக்காக என்றில்லாமல் மருந்தையே நாடி, தீங்கு கண்டும் விடமாட்டாத நிலை அது. அந்த அபாயமும் உண்டு. சிலருக்கு மிகுதியாகவே உண்டு. குறிப்பாக, முன்பு மதுவிலோ போதையிலோ சிக்கியவர்கள் அதனை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. உரிய வலிக்கு, உரிய அளவில், கண்காணிப்போடு கொடுக்கையில் அந்த அபாயத்தைக் காவலுக்குள் வைக்க முடியும் என்று அவர் விளக்கினார்.

மாத்திரை வந்த அன்றே ஒரு சிறு சிக்கல் எழுந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்ததைக் கண்ட வீட்டார், ஐவேளைத் தொழுகையோடு கொடுத்துவிட்டால் மறவாது என்றார்கள். கேட்பதற்கு நல்ல யோசனை. ஆனால் எண்ணிப் பாருங்கள். லுஹருக்கும் அஸருக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்குச் சற்றே மேல். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல். இஷாவுக்கும் ஸுப்ஹுக்கும் இடையிலோ எட்டு மணி நேரத்துக்கும் மேல். மாலையில் ஒரு வேளை மருந்து அடங்குமுன் அடுத்த வேளை ஏறிவிடும். பின்னிரவில் மருந்தின் ஆற்றல் தீர்ந்து வலி எழுந்துவிடும். ஆகவே காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று கடிகாரத்தையே பின்பற்றினோம். நடு இரவில் எழுப்ப வேண்டாதபடி, பத்து மணிக்குரிய அளவை மருத்துவரே தனியாக எழுதித் தந்திருந்தார். ஒரு வேளை தவறிப்போனால் அதை ஈடுசெய்ய அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுத்துவிடக் கூடாது என்பது அவர் முதலில் சொன்ன எச்சரிக்கை.

ரமலான் வந்தபோது லாத்தா நோன்பு நோற்க விரும்பினார்கள். நோயாளிக்கு உள்ள சலுகையை நினைவூட்டி ஃபித்யாவுக்கு ஏற்பாடு செய்தோம். பகல் முழுதும் மருந்தை நிறுத்திவிட்டு நோன்பு திறக்கும்போது சேர்த்து விழுங்குவோர் சிலர் உண்டு. மற்ற மருந்துகளில் அது தொல்லை. இம்மருந்தில் அது உயிருக்கே உலை. நேரத்தை மாற்ற வேண்டுமாயின் மருத்துவர்தாம் மாற்ற வேண்டும்.

தினமும் ஒரு குறிப்பேடு எழுதினோம். தேதி, மணி, கொடுத்த அளவு, வலி பத்துக்கு எத்தனை, மலம் கழிந்ததா, மயக்கம் உண்டா என்று ஆறு கட்டங்கள். இடையில் வலி மீறினால் கொடுக்க எழுதியிருந்த தனி மாத்திரையையும் அதிலேயே குறித்தோம். ஒருவர் கொடுத்ததை அறியாமல் இன்னொருவர் மீண்டும் கொடுத்துவிடும் விபத்து, அன்பு மிகுந்த பெரிய குடும்பங்களில்தான் எளிதில் நேரும். அதனால் கொடுக்கும் கை ஒன்று, எழுதும் ஏடு ஒன்று என்று வகுத்துக்கொண்டோம். நாம் ஊரில் இல்லாத நாள்களில் லாத்தாவின் மூத்த மகள் சாவியையும் ஏட்டையும் பெற்றுக்கொள்வாள்.

முதல் சில நாள்கள் குமட்டலும் கிறக்கமும் இருந்தன. ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணிந்தன. தணியாதது மலச்சிக்கல். மார்பின் குடலின் அசைவை அடக்கிவிடும். உடல் இம்மருந்துக்கு எவ்வளவு பழகினாலும் குடல் மட்டும் பழகுவதில்லை. ஆகவே மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே உடன் வர வேண்டும். லாத்தாவுக்கு எழுதித் தந்தது சென்னா மாத்திரை. அது வேறொன்றுமில்லை, கிதாபுகளில் நாம் 'ஸனா' என்று படிப்பதும், நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் பயிராகி உலகெங்கும் செல்லும் நிலாவாரையும் அதுவே. வீட்டில் இருந்த இசப்கோலைக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, தண்ணீர் போதிய அளவு குடிக்க இயலாதவருக்கு அது குடலிலேயே இறுகிவிடக்கூடும் என்று மருத்துவர் தடுத்தார்.

லாத்தாவை வருத்திய கேள்வி வேறு. "கண் செருகுகிறதே தம்பி, என் வுளு நிற்குமா?" என்றார்கள். ஷாஃபிஈ சட்ட நூல்களில் 'நுஆஸ்' என்னும் சிற்றுறக்கத்துக்கும் உறக்கத்துக்கும் வேறுபாடு சொல்லப்பட்டிருக்கிறது. அருகில் பேசுவோரின் குரல் காதில் விழுந்தும் பொருள் விளங்காத நிலை சிற்றுறக்கம். அதனால் வுளு முறிவதில்லை. இதைச் சொல்லி அவர்களைத் தேற்றினோம். மறுவாரம் வீட்டுக்கு வந்த செவிலியர், மருந்து மிகுந்துவிட்டதா என்று அறியும் வழியைக் கற்பித்தபோது நாம் வியந்தோம். "கூப்பிட்டுப் பாருங்கள்; குரலுக்குக் கண் திறந்து பதில் சொன்னால் அது உறக்கம். உலுக்கியும் எழாவிட்டால் அது ஆபத்து" என்றார். சட்ட அறிஞர்களும் செவிலியரும் ஒரே உரைகல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆபத்தின் அடையாளங்களை ஒவ்வொரு வீட்டாரும் மனத்தில் இருத்த வேண்டும். இம்மருந்து மிகுந்தால் மூச்சை அடக்கிவிடும். மூச்சு மெல்ல மெல்லக் குறையும். நிமிடத்துக்குப் பத்துக்கும் கீழே இறங்கலாம். தொண்டையில் கொரகொரப்பு எழும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். உதடும் நகமும் நீலம் பாயும். 'நன்றாகத் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்' என்று விட்டுவிடுவதுதான் அப்போது பெருங்கேடு. உடனே 108க்குச் சொல்ல வேண்டும். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். மாத்திரை அட்டையையும் உடன் கொண்டுபோக வேண்டும். நாலோக்சோன் என்னும் முறிமருந்து உண்டு. காலத்தில் போய்ச் சேர்ந்தால் உயிர் மீளும்.

தனியே மிகாத மருந்தும் துணை சேர்ந்தால் மிகும். தூக்க மாத்திரை, மனப்பதற்றத்துக்கான ஆல்பிரசோலம், டயாசிபாம், நரம்பு வலிக்கான பிரிகாபாலின், கிறங்கச் செய்யும் சளி மருந்து, மது ஆகியவை இதனோடு சேர்ந்து மூச்சை அமுக்கும். இரவில் மூச்சுத் தடைப்படும் அளவுக்குக் குறட்டை விடுவோரும், நுரையீரல் நோயுடையோரும், சிறுநீரகம் தளர்ந்தோரும் அதனை முன்னமே சொல்லிவிட வேண்டும்; சிறுநீரகம் வேலை செய்யாவிடில் மார்பினின் கழிவு உடலில் தேங்கிவிடும்.

இங்கே கசப்பான ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுக் காக்காவுக்கு நெடுநாள் முதுகுவலி. லாத்தா வலி தணிந்து உறங்குவதைக் கேள்வியுற்று நம்மிடம் வந்து, "ஆலிம்சா, அந்த மாத்திரையில் ரெண்டு தாங்களேன், இன்றைக்கு ஒரு ராத்திரி தூங்கிக்கொள்கிறேன்" என்றார். அவர் இரவில் தூக்க மாத்திரை விழுங்குபவர் என்பதையும், அவர் குறட்டை தெருமுனை வரை கேட்கும் என்பதையும் நாம் அறிவோம். "காக்கா, இது லாத்தா பெயருக்கு எழுதி, அவர்கள் உடம்புக்கு அளந்து தந்தது. என்னிடம் அமானிதமாக இருக்கிறது. இதில் எனக்கே உரிமை கிடையாது" என்றோம். "ஒரு மாத்திரைக்கா இவ்வளவு கணக்கு?" என்று முகம் சுளித்துப் போனவர், பல வாரம் பள்ளியில் கண்டும் ஸலாம் சொல்லாமல் ஒதுங்கினார்.

நம் சமுதாயம் பகிர்ந்துண்டு வாழ்வது. நோன்புக் கஞ்சியும் கந்தூரிச் சோறும் கதவு தட்டி வரும் தெருக்கள் நம்முடையவை. அக்குணத்தால் மருந்தையும் பகிர்கிறோம். அங்கேதான் ஈகை தீங்காகிறது. பல நாள்களாகப் பழகிய உடல் தாங்கும் அளவு, பழகாத உடலில் மூச்சை நிறுத்திவிடக்கூடும். குழந்தையாயின் ஒரே மாத்திரை போதும். அதனால்தான் மாத்திரைகளை எண்ணி, பூட்டிய பெட்டியில், பிள்ளைகளின் கைக்கும் கண்ணுக்கும் எட்டாது வைக்கச் சொல்கிறார்கள். தமிழகத்து இளைஞர் சிலர் வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொண்டு அழிகின்ற செய்தியை நாளேடுகளில் காண்கிறோம். பூட்டு, அந்தப் பிள்ளைகளுக்காகவும்தான்.

அளவு தவறினால் நாடுகளும் துன்புறும் என்பதற்கு இரு சான்றுகள் உள்ளன. 1996இல் அமெரிக்காவில் ஆக்சிகோன்டின் என்னும் மாத்திரை, பழக்கமாகிவிடும் அபாயம் குறைவு என்ற விளம்பரத்தோடு விற்பனைக்கு வந்தது. அவ்விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்தியது என்பதை 2007இல் அந்நிறுவனத்தார் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். அதற்குள் சிறு வலிக்கும் மருந்தைப் பெற்றுப் பழகியோர் பெருகிவிட்டனர். நம் நாட்டிலோ இதற்கு நேர்மாறு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர்கள் அபின் பயிரிடுகிறார்கள். காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் உள்ளன. ஆயினும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கடுமைக்கு அஞ்சி மருத்துவமனைகள் மார்பின் வைத்திருப்பதையே கைவிட, புற்றுநோயாளிகள் வலியோடு இறந்தனர். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் கேரளத்தில் வழிகாட்டியது. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு விதிகள் எளிதாயின. ஒரு நாட்டில் அச்சமின்மை கொன்றது. மற்றொரு நாட்டில் அச்சம் வதைத்தது.

மார்பினை எட்டாதவர்களும் டிராமடாலைச் சந்திக்கக்கூடும். அதுவும் 2018இல் அதே சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. வலிப்பு நோயுடையோரும், மனச்சோர்வுக்கு மருந்து உண்போரும் அதனை மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. பாரசிட்டமால் சேர்ந்த டிராமடால் மாத்திரையும் உண்டு. அதை விழுங்கிக்கொண்டே காய்ச்சலுக்குத் தனியாகப் பாரசிட்டமால் விழுங்கினால் ஈரல் கெடும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் கோடீனும் டிராமடாலும் ஆகா. நீண்டநேர மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையின்மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் அத்தகைய கேடே. இம்மருந்துகளை உண்ணத் தொடங்கிய நாள்களிலும், அளவு கூடிய நாள்களிலும் வண்டி ஓட்டலாகாது. வளைகுடா நாடுகளுக்கும் புனிதப் பயணத்துக்கும் செல்வோர், மருத்துவச் சீட்டும் அந்நாட்டின் முன் அனுமதியும் இன்றி இம்மருந்துகளைப் பையில் வைக்க வேண்டாம். அங்கே கசகசாவே தடைக்குரியது என்பதை நம் பயணிகள் பலர் அறிவார்கள்.

லாத்தாவுக்குக் கதிர்வீச்சு அளித்தபின் முதுகுவலி பெரிதும் தணிந்தது. அப்போது மருத்துவர் மார்பினை ஒரே நாளில் நிறுத்தாமல், படிப்படியாகக் குறைத்துப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார். கூட்டிய மருந்தைக் குறைக்கவும் முடியும் என்பதை மச்சான் தம் கண்ணால் கண்டார். அடிமையாகிவிடுவார்களோ என்ற அவருடைய கேள்வி அதன்பின் எழவில்லை. மேலும் ஐந்து மாதம் லாத்தா நம்மோடு இருந்தார்கள். பேத்திக்கு யாசீன் சூரா ஓதக் கற்றுக்கொடுத்தார்கள். கொடுக்கல் வாங்கலைத் தீர்த்தார்கள். மனம் கசந்திருந்த உறவினரை வரவழைத்து மன்னிப்புக் கேட்டார்கள், மன்னிப்பும் அளித்தார்கள். சுவரில் சாய்ந்து வலியோடு போராடிய இரவுகளில் இவற்றுள் ஒன்றும் நடந்திராது. வலி தணிந்ததால் அவர்களுடைய பொறுமைக்குக் கூலி குறைந்துவிட்டது என்று யார் சொல்ல முடியும்?

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் எஞ்சிய மாத்திரைகளை எண்ணினோம். ஏட்டில் இருந்த கணக்கும் பெட்டியில் இருந்த எண்ணிக்கையும் ஒத்திருந்தன. அவற்றை மச்சானே எடுத்துச் சென்று, எழுதித் தந்த மருத்துவமனையில் ஒப்படைத்துக் கையெழுத்துப் பெற்று வந்தார். யாருடையது, எவ்வளவு, எதுவரை என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்த வீட்டில் இம்மருந்து ஓர் அருட்கொடை. அவ்விடை தெரியும் வரை அதன் பெட்டியைத் திறக்காதிருப்போமாக. வல்ல நாயன் நம் நோயாளிகளுக்கு இதம் அளிப்பானாக. அவர்களைக் காக்கும் கைகளுக்கு நேர்மை அளிப்பானாக. ஆமீன்.